கம்பெனிக்கும் குடியிருப்புக்கும் நடுவுல: மறைப்பா, அகலமா?

கேள்வி: 15 மார்ச் 2025

பல்லடம் பக்கம் அப்ரூவ்டு சைட் வாங்கி வீடு கட்டிட்டோம். வீட்டுக்கு மேக்கால காம்பவுண்டோட எங்க சர்வே நம்பர் முடியுது. அந்தப் பக்கம் தொழில் மண்டலம்னு சொல்றாங்க. இப்ப அங்க ஓ.இ. மில்லுக்கு (கழிவுப் பஞ்சுல நூல் நூக்கற மில்) ஷெட் எழும்புது. மாடியில நின்னா தகரக் கூரையும் ஃபேன் வைக்க விட்ட ஓட்டையும்தான் தெரியுது. கண்ணுக்குத் தெரியாம மறைப்புக் கட்டித் தரணும்னு சட்டம் ஏதாவது இருக்குங்களா? அமெரிக்காவுல இருக்கற என் தம்பி, அங்கெல்லாம் அது கட்டாயம்னு சொல்றான்.

15 மார்ச், ராத்திரி

தம்பி சொல்றது சரிதாங்க. நியூயார்க் நகரம் 1916-லயே மண்டல விதி கொண்டாந்துச்சு. ஒஹையோ மாநிலத்துல யூக்ளிட்னு ஒரு சின்ன ஊர். அது போட்ட மண்டல விதி செல்லும்னு அவங்க உச்ச நீதிமன்றம் 1926-ல சொன்னதுக்கப்புறம் ஊருக்கு ஊர் இந்த விதி வந்துருச்சு. வீட்டு மண்டலமும் தொழில் மண்டலமும் தொடற கோட்டுல என்ன செய்யணும்னு ஊர் விதியிலயே எழுதியிருப்பாங்க. பெரும்பாலும் ஆறடி உயரத்துக்கு ஊடு தெரியாத வேலியோ சுவரோ கேப்பாங்க. இல்லீன்னா வருசம் பூரா இலை நிக்கற செடிவேலி. அதோட இத்தனை அடி அகலத்துக்கு ஒண்ணும் கட்டாத நிலமும் விடணும். செலவு பொதுவா தொந்தரவு அதிகம் தர்ற பக்கத்தோடது.

பழைய இரும்பு, பழைய வண்டி போட்டு வெக்கற கிடங்குக்கு அங்க 1965-லயே நாடு முழுக்க சட்டம் வந்துச்சு. பெரிய நெடுஞ்சாலையில இருந்து 1,000 அடிக்குள்ள கிடங்கு இருந்தா, ரோட்டுல போறவங்க கண்ணுல படாதபடி மரமோ வேலியோ வெச்சு மறைக்கணும். நம்மூர் பைபாஸ் ஓரத்துல லாரிக் கூடு அடுக்கி வெச்சிருக்கறதைப் பாக்கறப்பல்லாம் எனக்கு இந்தச் சட்டம் ஞாபகம் வரும்.

நம்ம பக்கம் என்ன இருக்குன்னு நாளைக்கு எழுதறேன். பிளான் போடற ஆபீஸ்லதான் எனக்குப் பொழப்பு, அதனால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

16 மார்ச்

மொதல்ல "தொழில் மண்டலம்னு சொல்றாங்க"ங்கறதை விட்டுருங்க. யார் சொன்னாலும் அது செல்லாது. உங்க சர்வே நம்பரும் பக்கத்து சர்வே நம்பரும் எந்த மண்டலத்துல வருதுன்னு நகர் ஊரமைப்பு ஆபீஸ்ல எழுதிக் கேட்டு, பதிலை எழுத்துல வாங்குங்க. 1971-ஆம் வருசத்து நகர் ஊரமைப்புச் சட்டத்துக்குக் கீழதான் முழுமைத் திட்டம் (எந்த இடம் எதுக்குன்னு காட்டற மாஸ்டர் பிளான்) எல்லாம் வருது. அந்தப் படத்துல எது கலர் அடிச்சிருக்கோ அதுதான் மண்டலம். கலர் அடிச்சது எவ்வளவு பழசுன்னும் பாக்கணும். கோவை உள்ளூர் திட்டப் பகுதிக்கு 1994-ல ஒப்புதல் ஆன திட்டத்தை வெச்சுத்தான் முப்பது வருசம் ஓட்டினாங்க. 2041-க்கான வரைவு 2024-லதான் வெளிய வந்துச்சு. நடுவுல ஊரே மாறிப்போச்சு. படத்துல காடா இருக்கற இடத்துல தறி ஓடுது, தொழில்னு இருக்கற இடத்துல குழந்தைங்க சைக்கிள் ஓட்டுது.

2019-ல வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்ல குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மைன்னு மண்டலம் பிரிச்சிருக்கு. எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு செட்பேக்குன்னும் இருக்குது. அந்த செட்பேக் காத்துக்கும் வெளிச்சத்துக்கும் தீயணைப்பு வண்டிக்கும் விடற இடம். அந்தப் பக்கம் யார் குடியிருக்காங்கன்னு பாத்து விடறதில்லை. நான் வேலை பாத்த பிளான்கள்ல, மண்டலம் மாறற கோட்டுல மறைப்பு வையின்னு யாரும் கேட்டதும் இல்ல, யாரும் வரைஞ்சதும் இல்ல. கோடு சர்வே கல்லு மேல போகுது. கல்லுக்கு இக்கட்ட சமையலறை, அக்கட்ட பாய்லர்.

16 மார்ச், மறுபடியும்

ஒண்ணு விட்டுப்போச்சு. நம்ம நாட்டுல மறைப்பே கேக்காத விதிதான் எல்லாம்னு எடுத்துக்க வேண்டாம். ஜல்லி கிரஷருக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள்லயே இருக்குது: காத்தைத் தடுக்கற சுவர் கட்டணும், எல்லையைச் சுத்தி மரம் வளக்கணும், உள்ள இருக்கற தடத்துக்குத் தளம் போட்டுத் தண்ணி தெளிக்கணும். கல்குவாரின்னா ஊர்க் குடியிருப்புல இருந்து 300 மீட்டர் தள்ளி. பெரிய தொழிற்சாலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி குடுக்கறப்ப, மொத்த இடத்துல ஒரு பங்குல மரம் வளக்கச் சொல்லி நிபந்தனை போடறது வழக்கம்.

சிக்கல் என்னன்னா, இதெல்லாம் பெரிய தொழிலுக்கும் கண்ணுக்குத் தெரியற தூசிக்கும். நம்ம கொங்குல பாதித் தொழில் ஏழெட்டு சென்ட்டுல ஷெட் போட்டு நடக்குது. சோமனூர்லயும் பள்ளிபாளையத்துலயும் நாலு தறி, எட்டுத் தறி. திருப்பூர்ல காஜா பட்டன், கட்டிங், பிரிண்டிங். ஆவாரம்பாளையம், கணபதிப் பக்கம் லேத்து. இவங்க யாரும் சுற்றுச்சூழல் அனுமதிக்குப் போற அளவு கிடையாது. வீட்டுச் சுவத்தோட ஒட்டி நிக்கறது முக்காவாசி இவங்கதான்.

19 மார்ச்

"பச்சை வலை கட்டிருங்க, மறைஞ்சுக்கும்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். வலையை நான் பாத்திருக்கேன், சொல்றேன்.

எங்க வீதிக் கடைசியில கழிவுப் பஞ்சு பிரிக்கற ஷெட் ஒண்ணு. பனியன் கட்டிங் வேஸ்ட்டை மெசின்ல கொடுத்துக் கிழிச்சுப் பஞ்சாக்கி, ஓ.இ. மில்லுக்கு அனுப்பறாங்க. ஊர்ல எல்லாரும் சத்தம் போட்டதும், மூங்கில் நட்டு பன்னெண்டு அடிக்குப் பச்சை வலை கட்டிவிட்டாங்க. மொத வாரம் ஷெட் தெரியலை, எல்லாருக்கும் சந்தோசம். அப்புறம் ஃபேனுக்கு நேரா வலையில பஞ்சு ஒட்ட ஆரம்பிச்சுது. கிட்டப் போய்ப் பாத்தா வலைக்கண்ணு ஒண்ணொண்ணுலயும் பஞ்சு சுருண்டு நிக்குது. சிவப்பு, நீலம், மஞ்சள்னு அன்னிக்கு எந்தக் கலர் வேஸ்ட் ஓடுச்சோ அந்தக் கலர். நாளாக நாளாக வலை கம்பளி கனத்துக்கு ஆயிப்போச்சு. ஆடிக் காத்து ஒரு தள்ளுத் தள்ளவும் மூங்கிலோட சாஞ்சு, ஒட்டுன பஞ்சு மொத்தமும் பக்கத்து வீட்டு வாசல்ல. அந்த வீட்டுல ஒரு பாட்டிக்கு மூச்சு இழுப்பு. அவங்க அன்னிக்குப் பட்ட பாட்டைப் பாத்ததுல இருந்து, வலை கட்டிட்டா ஆச்சுன்னு யார் சொன்னாலும் எனக்குக் கோவம் வருது.

வலை கண்ணை மறைக்கும், அவ்வளவுதான். கண்ணுல படலைன்னதும் புகார் நின்னுரும், புகார் நின்னா ஃபேன் திரும்பாது. அதனாலதான் வெறும் மறைப்பு மேல எனக்குப் பயம்.

20 மார்ச்

சத்தத்துக்குக் கணக்கு கேட்டீங்க. 2000-ஆம் வருசத்து ஒலி மாசு விதிப்படி, தொழில் பகுதியில பகல்ல 75 டெசிபல், ராத்திரி 70. குடியிருப்புல பகல் 55, ராத்திரி 45. பகல்னா காலையில 6 மணியில இருந்து ராத்திரி 10 வரைக்கும். இப்ப உங்க காம்பவுண்டை நினைச்சுப் பாருங்க. ஒரே செங்கல்லுக்கு அந்தப் பக்கம் 70 இருக்கலாம், இந்தப் பக்கம் 45-ஐத் தாண்டக் கூடாது. நடுவுல 25 டெசிபலை அந்த ஒத்தைச் செங்கல் முழுங்கணும்!

முழுங்காதுங்க. சுவர் சத்தத்தைத் தடுக்கணும்னா, மெசினையும் உங்க காதையும் சேக்கற நேர்கோட்டை அறுக்கற உயரம் வேணும். அந்த உயரம் வந்தா அஞ்சு டெசிபல் குறையும்னு அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை கணக்குச் சொல்லுது. அதுக்கு மேல ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஒண்ணரை டெசிபல். மரத்தை மட்டும் நம்புனா, 200 அடி அகலத்துக்கு அடர்த்தியா மரம் நின்னாத்தான் பத்து டெசிபல். யார்கிட்ட இருக்குது 200 அடி?

ஜெனரேட்டர் சத்தம்னா அதுக்குத் தனி விதி. 1,000 கே.வி.ஏ. வரைக்கும் உள்ள டீசல் ஜெனரேட்டருக்குச் சத்தம் அடக்கற கூடு கட்டாயம். கூட்டுல இருந்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தா 75-ஐத் தாண்டக் கூடாது. கூடு இல்லாம வெச்சிருந்தா அதை மட்டுமே எழுதிக் குடுக்கலாம். வேற பேச்சே வேண்டாம்.

20 மார்ச், சாயங்காலம்

மாடி வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணு. கேள்வி கேட்டவர் மாடியில நின்னு பாக்கறார். ஆறடிச் சுவர் தரையில நிக்கறவனுக்குத்தான் மறைப்பு. மாடிக் கண்ணுக்குப் பதினாறடி உயரம் ஆகுது. அதுக்குச் சுவர் கட்டி மறைக்கறதுன்னா அது ஜெயில் மாதிரி ஆயிரும். மறைக்கறது பாக்கறவனுக்குப் பக்கத்துல இருந்தாச் சின்னதே போதும். உங்க காம்பவுண்டுக்குள்ள ஒரு வரிசை மரம் இருபதடி வளந்தா, அந்தப் பக்கம் நாப்பதடி மரம் செய்யற வேலையைச் செய்யும். சத்தத்துக்கும் இதே கதைதான். தடுப்பு மெசினுக்குப் பக்கத்துலயோ காதுக்குப் பக்கத்துலயோ இருக்கணும். நட்ட நடுவுல வெச்சா பலன் குறைவு.

27 மார்ச்

இத்தனை நாளா எழுதணும்னு இருந்தது இதுதான். நம்ம கொங்குல இது புதுச் சமாச்சாரமே கிடையாது. இட்டேரி இருந்துச்சு.

டவுன்ல பொறந்தவங்களுக்காகச் சொல்றேன். ரெண்டு தோட்டத்துக்கு நடுவுல வண்டித்தடம். தடத்துக்கு ரெண்டு பக்கமும் உயிர்வேலி. இக்கட்ட வேலி இக்கட்டத் தோட்டத்துக்காரரோடது, அக்கட்ட வேலி அக்கட்டக்காரரோடது. கிளுவை, கள்ளி, நடுநடுவுல வேம்பு, வெள்வேல். மேல கோவைக்கொடியும் வேலிப்பருத்தியும் பிரண்டையும் படர்ந்து கெடக்கும். அடியில ஓணான், கவுதாரி. அந்தத் தோட்டத்து மாடு இங்க வராது, இந்தத் தோட்டத்துக் காத்து அங்க அடிக்காது. வேலி நெழல்ல ரெண்டு மூணு மொழத்துக்குப் பயிரு ஏறாது. எங்க அப்பிச்சி அதை நட்டம்னு ஒருநாளும் பேசினதில்லை. வேலிக்குன்னு விட்ட நிலம் அது, அவ்வளவுதான்.

காங்கயம் பக்கம் கொரங்காட்டுல இன்னும் பாக்கலாம். கொழுக்கட்டைப் புல்லு மேய்ச்சக் காடு, சுத்தியும் கிளுவை வேலி. மாட்டை உள்ள விட்டுட்டு ஆள் வேற வேலையைப் பாப்பாங்க. அந்த வேலி கெட்டியா இருந்ததாலதான் அது முடிஞ்சுது.

அமெரிக்க விதியில மறைப்போட சேத்து ஒரு அகலமும் கேக்கறாங்கன்னு மொதல்ல எழுதினேன் பாருங்க. மறைப்பைவிட அந்த அகலம்தான் முக்கியம். இட்டேரியில அது இருந்துச்சு: ரெண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் நிலம் விட்டாங்க, நடுவுல ஊருக்குத் தடம். நாம சைட் பிரிக்கறப்ப அதைத்தான் மொதல்ல அழிக்கறோம். வேலியை ஜே.சி.பி. வெச்சுப் பேத்து, தடத்துக்குத் தாரு போட்டு, ரெண்டு பக்கமும் ஹாலோ பிளாக். அப்புறம் அதே இடத்துல நின்னுட்டு மறைப்பு எங்கேன்னு கேக்கறோம்.

28 மார்ச்

கிளுவை நடலாமான்னு உடனே மூணு பேர் கேட்டுட்டீங்க. நடலாம். ஆனா கிளுவை வெயில் காலத்துல இலை உதுத்துரும். மாட்டைத் தடுக்க முள்ளும் கொம்பும் போதும், கண்ணையும் தூசியையும் தடுக்க இலை வேணும். மாசி, பங்குனி, சித்திரையில கிளுவை வேலிக்கு ஊடால எல்லாம் தெரியும். அதனால கிளுவையை வேலியா வெச்சு, உள்பக்கம் புங்கனோ பூவரசோ வேம்போ ஒரு வரிசை விடுங்க. நெட்டிலிங்கம் இடம் கம்மியா எடுத்துக்கும், ஒடுக்கமா மேல போகும், மாடி மறைப்புக்கு நல்லது. சவுக்கு சீக்கிரம் வரும்.

கோனோகார்பஸ் மட்டும் வேண்டாம். நர்சரியில வேகமா வளரும்னு தள்ளிவிடுவாங்க. 2023-ல குஜராத் அதை நடக் கூடாதுன்னுது, 2025 தொடக்கத்துல நம்ம அரசும் தடை போட்டிருச்சு.

2 ஏப்ரல்

நாமக்கல்ல இருந்து ஒருத்தர், கோழிப்பண்ணைக்கு மறைப்பு வெச்சா நாத்தம் நிக்குமான்னு கேக்கறார். நிக்காதுங்க. ஈயும் நிக்காது. அது எருவை எப்ப அள்றாங்க, ஈரமா விடறாங்களாங்கறதுல இருக்குது. மரம் இருந்தா இறகும் தூசியும் குறையும்.

11 ஏப்ரல்

செலவு யாருதுங்கற சண்டைக்கு வர்றேன். "தொந்தரவு தர்றவன்தான் கட்டணும்"னு எல்லாரும் எழுதியிருக்கீங்க. மொத நோட்டுல நானும் அமெரிக்க வழக்கத்தை அப்படித்தான் சொன்னேன். அதையே இங்க அப்படியே வெக்கலாமான்னு இப்ப யோசனையா இருக்குது.

என் மாமன் ஒருத்தர் சோமனூர்ப் பக்கம் தறிக்காரர். ஷெட் போட்டப்ப சுத்தியும் சோளக்காடு. தறி ஓடற சத்தம் காக்கா குருவிக்குத்தான் கேட்டுது. அப்புறம் காட்டை வித்து சைட் பிரிச்சாங்க. சைட் வாங்க வர்றவங்களை ஞாயித்துக்கிழமை கூட்டியாந்து காமிச்சாங்க. ஞாயித்துக்கிழமை தறி ஓடாது. குடி வந்தவங்க திங்கக்கிழமை காலையில பெட்டிசன் எழுதறாங்க. மாமன்கிட்ட மொத்தம் பன்னெண்டு சென்ட். பதினஞ்சடி விட்டு மரம் வையின்னா, ரெண்டு தறியைத் தூக்கி வெளிய போடணும். கூலிக்கு நெசவு ஓட்டறவர் ரெண்டு தறியை விட்டா அந்த வீட்டுல அடுப்பு எரியாது.

குடி வந்தவங்களும் பாவம்தான். லோன் போட்டு வாங்கினவங்க, பகல்ல தூங்க வேண்டிய நைட் சிப்ட் ஆளுங்க, கைக்குழந்தை இருக்கற வீடு. ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல. நடுவுல சைட் பிரிச்சு வித்தவர்தான் ஒரு அடி நிலம் கூட விடாம, கடைசி சைட்டோட காம்பவுண்டை தறிச் சுவத்தோட ஒட்டி அளந்து குடுத்துட்டுப் போயிட்டார்.

அதனால என் கணக்கு இது. யார் ரெண்டாவதா வந்து நிலத்தோட உபயோகத்தை மாத்தறாங்களோ அவங்க விடணும். சோளக்காடு சைட் ஆகுதுன்னா சைட் போடறவர் விடணும். வீடு இருக்கற இடத்துக்குப் பக்கத்துல மில் வருதுன்னா மில் விடணும். கேள்வி கேட்டவர் விசயத்துல வீடு முந்தி, மில் பிந்தி. அதனால கேக்கறதுக்கு அவருக்கு நியாயம் இருக்குது.

12 ஏப்ரல்

"ரெண்டாவது வந்தவர் விடணும்னா, மொதல்ல வந்தவன் சாயத்தண்ணியை விட்டாலும் பொறுத்துக்கணுமா"ன்னு ஒரு அம்மா கேட்டிருக்காங்க. அவங்க ஒரத்துப்பாளையம் பக்கம். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் ஆத்துல வந்து தேங்குன அணை இருக்கற ஊர். அந்த ஊர்க்காரங்களுக்கு இதைக் கேக்கறதுக்கு எல்லா உரிமையும் இருக்குது. நொய்யல் என்ன ஆச்சுன்னு பாத்தவங்க நாம. 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறையை மூடச் சொன்னது வரைக்கும் போச்சு. இல்லீங்கம்மா, விசமும் மறைப்பும் வேற வேற. கழிவு வெளிய விடறவன் எப்ப வந்திருந்தாலும் நிறுத்தித்தான் ஆகணும். மரம் வெச்சுட்டேன், சுவர் கட்டிட்டேன்னு அதை மூட முடியாது. நான் பேசறது சட்டப்படி ஓடற தொழிலும் சட்டப்படி கட்டுன வீடும் ஒட்டி நிக்கறப்ப நடுவுல யார் நிலம் விடறதுங்கறதைப் பத்தி மட்டும்.

20 ஏப்ரல்

சைட் போடறவர் விடணும்னா எங்கிருந்து விடுவார்னு கேட்டீங்க. புதுசா ஒரு அடி கூட வேண்டாங்க. அவர் ஏற்கெனவே விட்டே ஆக வேண்டிய நிலம் இருக்குது.

10,000 சதுர மீட்டருக்கு மேல மனைப்பிரிவு போட்டா, ரோட்டுக்கு விட்டது போக மீதியில பத்துல ஒரு பங்கைப் பொது உபயோகத்துக்குத் தானமா எழுதிக் குடுக்கணும். நாம பார்க் இடம்னு சொல்றது அதைத்தான். அது எங்க விழுகுதுன்னு எந்த லேஅவுட் படத்தையும் எடுத்துப் பாருங்க. கோணல் மாணலா மிச்சம் ஆன மூலையில, இல்லீன்னா வாய்க்கால் ஓரத்துல. விக்காத இடம்தான் பார்க்.

ஒரு கணக்குப் போடலாம். சுலபத்துக்காக அந்த 10,000 சதுர மீட்டரையே வெச்சுக்கலாம். 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், மேக்கால பக்கம் பூரா தொழில் மண்டலம். ரோட்டுக்குக் கால்வாசி போச்சுன்னா மீதி 7,500. அதுல பத்துல ஒண்ணு 750. அந்த 750-ஐ மேக்கால எல்லையோரம் நீளமா விட்டா ஏழரை மீட்டர் அகலம், கிட்டத்தட்ட 25 அடி. அதை ஒட்டியே 30 அடி ரோட்டைக் கொண்டு போனா, மொத வீட்டு வாசலுக்கும் கம்பெனிச் சுவத்துக்கும் நடுவுல 55 அடி! நிலம் அதே நிலம், சைட் அதே எண்ணிக்கைக்குப் பக்கமா வரும். பென்சில் வெச்சவர் எங்க வெச்சார்ங்கறதுதான் வித்தியாசம். ரோடும் மரமும் இருக்கறதால இதை நான் புது இட்டேரின்னே சொல்லுவேன்.

எங்க ஆபீஸ்ல இதை ஒரு பார்ட்டிகிட்டச் சொன்னேன். "பார்க் ஃபேசிங்னு விலை ஏத்தி விக்கற சைட்டு, அதைக் கம்பெனிப் பக்கம் கொண்டுபோனா எப்படி"ன்னார். நியாயமான கேள்வி. அந்தக் கடைசி வரிசை சைட் இப்ப என்ன விலைக்குப் போகுதுன்னு அவரையே கேட்டேன். கம்பெனிச் சுவத்தை ஒட்டுன சைட்டுதான் எப்பவும் கடைசியா, குறைச்சலா விக்குது. அதை ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிட்டா அதுவும் நல்ல சைட். ஒத்துக்கிட்டு, அடுத்த படத்துல அப்படி வரையச் சொல்லியிருக்கார்.

21 ஏப்ரல்

நீளமா ரிப்பன் மாதிரி விட்டா பார்க்குன்னு ஒத்துக்க மாட்டாங்கன்னு ஒரு இன்ஜினியர் எழுதியிருக்கார். குழந்தைங்க விளையாட முடியாதுங்கறார். 25 அடின்னா ரெண்டு வரிசை மரமும் நடைபாதையும் பெஞ்சும் வரும். வயசானவங்க நடக்கறதுக்கு மூலைப் பார்க்கைவிட அது மேல். அப்பவும் ஆகாதுன்னா பாதியை விளையாட்டுக்குச் சதுரமா விட்டுட்டு, பாதியை எல்லையோரம் விடலாம். எதுவுமே விடாம இருக்கறதுக்கு அது நல்லது.

4 மே

மே 1 கிராம சபையில நாங்க நாலஞ்சு பேர் இதைப் பேசினோம். சைட் போடறப்ப தொழில் ஷெட்டை ஒட்டுன பக்கம் ரோடும் பார்க்கும் வரணும்னு மேல எழுதச் சொல்லித் தீர்மானம் கேட்டோம். எழுதிக்கிட்டாங்க. தீர்மானப் புத்தகத்துல ஏறுச்சான்னு பாக்கணும், நகல் கேட்டிருக்கேன்.

8 மே

சட்டம் தெரிஞ்ச ஒருத்தர் கூட நேத்து பேசிட்டிருந்தேன். 1882-ஆம் வருசத்து வசதி உரிமைச் சட்டத்துல 18-ஆவது பிரிவுக்கு ஒரு உதாரணம் குடுத்திருக்காங்க: ஒரு ஊர்ல, பக்கத்து வீட்டுக்காரரோட மறைவைக் கெடுக்கற மாதிரி யாரும் புதுசா சன்னல் வெக்கக் கூடாதுன்னு வழக்கம் இருந்தா, அந்த வழக்கமே உரிமை ஆகும். அத்தனை பழைய சட்டத்துலயே மறைவுங்கறதுக்கு இடம் இருந்திருக்குது. ஆனா அது வழக்கம் இருக்கற ஊருக்கு. வழக்கம்னு நிரூபிக்கணும். மில்லு ஃபேனுக்கு அதை இழுத்துட்டுப் போக முடியாது.

நடைமுறையில உதவறது வேற. பொதுத் தொல்லைன்னா கோட்டாட்சியர்கிட்ட மனு குடுக்கலாம். முந்தி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-ன்னு இருந்தது, 2024 ஜூலையில இருந்து புதுச் சட்டத்துல 152. தூசி, சத்தம்னா மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட ஆபீஸ். ஷெட் எழும்பறப்பவே, மெசின் வர்றதுக்கு முந்தி குடுங்க. மெசின் ஓடி, முப்பது பேர் வேலைக்கு வந்ததுக்கப்புறம் நிறுத்தறது யாருக்கும் மனசு வராது. வரவும் கூடாது.

29 ஜூலை

ஆடிக் காத்து வந்துருச்சு, இந்தக் கேள்வி-பதில் இழையும் மறுபடி எந்திரிச்சுருச்சு.

பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்கால இருந்து வர்ற காத்து. கேத்தனூர்ப் பக்கம் கரண்டு எடுக்கற காத்தாடி எல்லாம் அதுக்காகத்தான் நிக்குது. நம்மூர்ல வீட்டுக்கு மேக்கால கம்பெனி இருக்கறதும் கெழக்கால இருக்கறதும் ஒண்ணு கிடையாது. மண்டலப் படம் போடறவங்க இதைப் பாக்கணும். ஒரே அளவு மறைப்பை நாலு பக்கமும் கேக்கறதைவிட, மேபுறம் தொழில், கீபுறம் வீடுன்னு இருக்கற எல்லையில ரெண்டு பங்கு அகலம் கேக்கறது புத்தி.

கெட்டிச் சுவர் இந்தக் காத்துக்கு என்ன பண்ணும்னு இன்னிக்கு நேராப் பாத்தேன். காத்து சுவத்து மேல ஏறித் தாவி, அந்தப் பக்கம் சுழிச்சு விழுகுது. கொண்டாந்த பஞ்சையும் மண்ணையும் சுவத்துக்கு உள்பக்கம் நாலஞ்சு அடியில கொட்டிட்டுப் போகுது. அங்கதான் துணி காயப்போடற கம்பி. பாதிக்குப் பாதி ஊடு விடற மரவரிசைன்னா காத்து தாவாம தளர்ந்து போகும். மரம் எவ்வளவு உயரமோ அதுல பத்து மடங்கு தூரம் வரைக்கும் அடங்கும். அதனால சுவர் மட்டும் போதாது, மரம் மட்டும் போதாது. சத்தத்துக்குக் கம்பெனிப் பக்கம் சுவர், காத்துக்கு வீட்டுப் பக்கம் மரம், நடுவுல காலி நிலம்.

அகலம் கம்மின்னா மறைப்பைக் கெட்டி பண்ணு, அகலம் அதிகம்னா மறைப்பு லேசா இருந்தாப் போதும்னு கணக்குப் போடற முறை அமெரிக்க ஊர்கள் சிலதுல இருக்குது. எங்க மாமன் மாதிரி பன்னெண்டு சென்ட்டுக்காரருக்கு அது சரியா வரும். நிலத்துக்குப் பதிலா சுவத்தை உயர்த்தி, அந்தப் பக்கச் சன்னலை அடைச்சு, தறிக்கு அடியில ரப்பர் பேடு வெச்சுக்கட்டும். நிலம் வெச்சிருக்கற மில்லுக்காரர் நிலமா விடட்டும்.

17 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் போன்ல பேசினார். அவர் சம்மதத்தோட எழுதறேன். மண்டலம் பத்தின பதிலை எழுத்துல வாங்கிட்டார், பக்கத்து நம்பர் தொழில் மண்டலம்தான். அதைக் கையில வெச்சுக்கிட்டு மில்லுக்காரர்கிட்ட நேராப் போய்ப் பேசியிருக்கார். மறைப்புச் சுவர் கட்டுங்கன்னு கேக்காம, ஃபேனை வடக்கால திருப்புங்க, தூசி ரூம் போட்டு அதுக்கப்புறம் காத்தை வெளிய விடுங்கன்னு கேட்டிருக்கார். ஷெட் இன்னும் முடியாததால அந்த ஓட்டைகளை அடைச்சு வடபுறம் விடறதுக்கு ஒத்துக்கிட்டாங்க. எல்லையோரம் எட்டடி விடறாங்களாம். பதினஞ்சு கேட்டார், கெடைக்கலை.

எட்டடியில ஒரு வரிசைதான் வரும். அந்தப் பக்கம் அவங்க வேம்பு வெக்கறாங்க. இந்தப் பக்கம் இவர் காம்பவுண்டு ஓரம் நெட்டிலிங்கம் வெக்கட்டும். ரெண்டு வரிசை ஆச்சு. அந்த எட்டடியில பின்னால ஜெனரேட்டரோ பஞ்சு பேலோ கொண்டாந்து வெக்க மாட்டோம்னு எழுதி வாங்கச் சொல்லியிருக்கேன், அதுதான் இப்ப முக்கியம். மெசின் ஓட ஆரம்பிச்சதும் ராத்திரி பத்து மணிக்கு மேல மாடியில ஒருதரம், கீழ ஒருதரம் சத்தம் அளந்து தேதி போட்டு வெச்சுக்கணும். அளக்கற மீட்டர் என்கிட்ட இருக்குது, வந்து வாங்கிக்கச் சொல்லுங்க. கிளுவைப் போத்து (நடறதுக்கு வெட்டற கொம்பு) வேணுங்கறவங்க ஐப்பசி மழைக்கு முந்தி சொல்லுங்க, எங்க தோட்டத்து வேலியை அப்பத்தான் வெட்டுவோம்.